நான்காவது கட்டத்தில் சங்கு

கேள்விப்பட்டதை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சொல்லும்போது கொஞ்சம் உப்பு, கொஞ்சம் காரம் சேர்த்துத்தான் சொல்வேன். அப்படிப்பட்ட நான், காதால் கேட்டதற்கு மேல் ஒரு சொல் கூடச் சேர்க்காத ஒருத்தரோடு ஒரே காம்பவுண்டில் மூன்று வருஷம் குடியிருந்தேன் என்றால், யார் யாரைப் பொறுத்துக்கொண்டது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்டலத்திலிருந்து மண்ணூர் போகிற ரோட்டில் அவர் ஆறு மெஷின் வைத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினார். மண்ணூர் கிறிஸ்தவக் குடும்பம், நாற்பதைத் தொட்ட வயது, கல்யாணம் ஆகவில்லை. படிக்க வருகிற பிள்ளைகளுக்கு அவர் டைப் மிஸ். ஊருக்கு லண்டன் மிஸ். பின்பக்கத்து ஓட்டு அறையை வாடகைக்கு எடுத்திருந்த எங்கள் மூன்று பேருக்கு அக்கா. பெயரை எழுத மாட்டேன். எழுதினால், என்னைக் கேட்டியா என்று ஒரு பார்வை பார்ப்பார், அது எனக்கு ஆகாது.

லண்டன் மிஸ் என்றதும் விமானம் ஏறியவர் என்று நினைத்துவிடாதீர்கள். பூந்தமல்லியைத் தாண்டி அவர் போனதே நாலைந்து தடவை இருக்கும். லண்டன்தான் சிற்றலை ரேடியோவில் அவரிடம் வந்துகொண்டிருந்தது. லண்டன் ரேடியோ கணக்கில் பதினொரு மணி என்றால் நமக்குச் சாயங்காலம் நாலரை. நாலரைக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா கையைத் தட்டுவார். ஆறு மெஷினும் நிற்க வேண்டும். யாராவது ஒரு பெண் பாதி வரியில் இருந்தால் அந்த வரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், ஒரு எழுத்து கூடத் தட்டக் கூடாது. ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த செம்புக் கம்பியை ரேடியோவின் ஏரியலில் சுற்றுவார். முதலில் கரகரவென்று இரைச்சல், நாய் ஊளையிடுவது போல ஒரு சத்தம், அப்புறம் ஆறு பீப். ஐந்து குட்டை, கடைசி ஒன்று நீட்டம். அந்த நீட்டம் தொடங்குகிற கணம்தான் சரியாகப் பதினொன்று. அக்கா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்.

செய்திக்குப் பிறகு நாளுக்கு ஒரு நிகழ்ச்சி. ஒரு நாள் யாரோ பெரிய மனுஷர்கள் உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் செய்வார்கள், அக்கா தனியாக விழுந்து விழுந்து சிரிப்பார். ஒரு நாள் விஞ்ஞானக் கேள்விகள். வியாழக்கிழமை தொடர் நாடகம். அந்த வருஷம் ஓடிய நாடகத்தில் ஏதோ ஒரு தீவில் ஒரு டாக்டர், அவருக்கு வாராவாரம் கையெழுத்தில்லாத கடிதம் வருகிறது. எழுதுவது யார் என்பதுதான் கதை. ஷிப்ட் முடிந்து வந்ததும் நாங்கள் மூன்று பேரும் கை கால் கூடக் கழுவாமல் அக்கா வாயிலிருந்து அந்த வாரத்துக் கதையைக் கேட்போம். இங்கிலீஷ் ஒரு எழுத்து புரியாத எங்களுக்கு அந்தத் தீவில் மளிகைக் கடை எங்கே இருக்கிறது என்பது வரை தெரியும்.

அவரைப் பெண் பார்க்க வந்த கதையை மண்ணூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மாப்பிள்ளை வீட்டார் நாலரை தாண்டி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பெண் உள்ளே ரேடியோவில் காதை வைத்துக்கொண்டு, முடியட்டும் வரேன் என்று சொல்லிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா அரை மணி நேரம் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து எழுந்து போய்விட்டார். நான் ஒரு நாள் துணிந்து அக்காவிடமே கேட்டேன். அரை மணி இல்லை, பதினெட்டு நிமிஷம் என்று திருத்தினார்.

கேட்பதோடு விட்டாரா என்றால் இல்லை. நீளமான நோட்டு ஒன்று வைத்திருந்தார். பக்கத்துக்கு ஐந்து கட்டம். தேதி, லண்டன் நேரம், சிக்னல் எப்படி, இடைஞ்சல் என்ன, கேட்ட நிகழ்ச்சி என்ன. தினமும் எழுதுவார். மாதம் முடிந்ததும் அதை அழகாக டைப் அடித்து, கார்பன் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, விமானத் தபாலில் லண்டனுக்கு அனுப்புவார். நன்றி என்று படம் போட்ட அட்டை ஒன்று பதிலுக்கு வரும். அட்டைகளைப் பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தார்.

இது எதற்கு வேலை மெனக்கெட்டு என்று கேட்டேன்.

“அவன் அங்கேர்ந்து அனுப்புறான். இங்க வந்து சேந்துச்சா இல்லியான்னு அவனுக்கு எப்படித் தெரியும்? கேக்கறவங்கதான சொல்லணும்” என்றார்.

நல்லா கேக்குதுன்னு தினம் எழுதிப் போடுங்க, காலண்டர், பேனா ஏதாவது அனுப்புவான் என்று தபால்காரர் ஒரு தடவை யோசனை சொன்னார். அந்த மாதம் முழுக்க மழைக்காலம், சிக்னல் படுமோசம். மோசம், மோசம், கேட்கவில்லை, மோசம் என்று இரண்டு பக்கம் டைப் அடித்து அவர் கையிலேயே கொடுத்தனுப்பினார். காலண்டர் வரவில்லை.

இடைஞ்சல் கட்டத்தைப் படித்தால் எங்கள் ரோட்டையே பார்த்துவிடலாம். லாரி ஹாரன். இடி. பக்கத்து வீட்டு மிக்சி. தேர்தல் ஜீப்பின் ஒலிபெருக்கி. பெரும்பாலான நாட்களில் ஒரே ஒரு சொல்தான், சங்கு. அதற்குப் பக்கத்தில் நேரம், 11.04. சில நாள் 11.03. சில நாள் 11.05. செய்தி வாசிக்கிற நடுவில் எதிர்த்த காம்பவுண்டில் எங்கள் கம்பெனிச் சங்கு ஊதி நாலு வரியை முழுங்கிவிடும். அக்காவுக்கு அது ஒரு வயிற்றெரிச்சல். நாங்கள் அதைப் படித்துச் சிரித்திருக்கிறோமே தவிர, அதில் என்ன இருக்கிறது என்று மூன்று பேரில் ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை.

அந்த வருஷம் மே மாதம், பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த மறுநாள், பஸ் இல்லை, கடை இல்லை, கம்பெனியும் இல்லை. ஆளாளுக்கு ஒரு கதை. அவன்தான் செய்தான், இவன்தான் செய்தான் என்று என் வாயிலேயே மூன்று பேர் பெயர் வந்துபோயிருக்கும். இருபது முப்பது பேர் இன்ஸ்டிட்யூட்டில் வந்து நின்றார்கள். லண்டனில் இருக்கிற ஆள் எங்கள் ஊர்ப் பெயரைத் தட்டுத்தடுமாறிச் சொன்னபோது எல்லாரும் ரேடியோவை நெருங்கி நின்றோம். செய்தி முடிந்ததும், யார் செய்தது என்று சொன்னானா என்று எல்லாரும் அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னும் தெரியலன்னு சொன்னான் என்றார். உனக்கு என்ன தோணுது மிஸ் என்று ஒருத்தர் விடாமல் கேட்டார். “எனக்குத் தோணறது நியூஸ் இல்லீங்க” என்று சொல்லி ரேடியோவை மூடினார். சப்பென்று ஆகிவிட்டது எங்களுக்கு.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வல்லம் வடகால். அப்போது அங்கே கம்பெனி எதுவும் வரவில்லை, நெல்தான். எங்கள் பக்கத்தில் கம்பெனி வேலை கிடைத்த முதல் சிலரில் நானும் ஒருத்தன், அந்தத் திமிர் எனக்கு இருந்தது. பவர் பிரஸ்ஸில் தகடு வெட்டுகிற வேலை. பிரஸ் ஷெட்டுக்குள் மோதிரம், கைக்கடிகாரம் கூடாது, மெஷின் இழுத்துக்கொள்ளும் என்று கேட்டிலேயே கழற்றி வாங்கிவிடுவார்கள். அதனால் உள்ளே எங்களுக்கு நேரம் என்றால் சங்குதான். டைம் ஆபீஸ் வாட்ச்மேன் அங்கே மாட்டியிருக்கிற சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஸ்விட்சைப் போடுவார். நாலரைக்கு ஊத வேண்டும். ஊதி, கை துடைத்து, பஸ்ஸில் ஊருக்குப் போகிறவர்கள் ஓடி வந்தால் நாலு முப்பத்தைந்து பஸ் முதுகைக் காட்டிக்கொண்டு போகும். என்னடா இது, தினம் பஸ்காரன் சீக்கிரம் வந்துவிடுகிறானே என்று திட்டுவார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை, ஷிப்ட் முடியப் போகிற நேரம், இன்னும் ஒரு தகடு என்று கையை உள்ளே விட்டேன். பிரஸ் இரண்டாவது தடவை தானாக இறங்கிவிட்டது. இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. சத்தம் போட்டது நினைவிருக்கிறது. சின்ன கேட் வழியாகத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்களாம், எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

புரொடக்சன் மேனேஜர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து விபத்து ரிப்போர்ட்டில் நாலு முப்பத்திரண்டு என்று எழுதிவிட்டார். மேனேஜர்களுக்குக் கடிகாரம் கழற்றுகிற சட்டம் கிடையாது. பத்து நாள் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஷிப்ட் நாலரைக்கு முடிந்து சங்கும் ஊதிய பிறகு, அனுமதி இல்லாமல் மெஷினை ஓட்டி விளையாடி விபத்தை வரவழைத்துக்கொண்டதாகச் சொல்லி, ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். விரல் போனதை விட அந்த விளையாடி என்ற சொல்தான் எனக்கு வலித்தது. இரண்டு விரல் இல்லாதவனுக்கு வெளியே எவன் வேலை கொடுப்பான்? ஷெட்டில் என்னோடு இருந்த எட்டுப் பேரும் சங்கு ஊதவில்லை என்று சத்தியம் செய்தார்கள். எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னதும் ஆறு பேருக்குக் கவனமில்லை என்று ஆகிவிட்டது. மிச்சம் இரண்டு பேர் என் அறைத் தோழர்கள். கூட்டாளிகள் பேச்சு எடுபடாது என்றார் மேனேஜர்.

அப்போதுதான் எனக்கு நோட்டு ஞாபகம் வந்தது. ஓடினேன். நாலு வருஷமாகத் தினம் சங்கு 11.04 என்று எழுதியிருக்கிறாரே, அந்தப் புதன்கிழமையும் எழுதியிருப்பாரே! பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். தேதி இருந்தது. 11.00 இருந்தது. சிக்னல், நன்று. நான்காவது கட்டம் காலி. ஐந்தாவது கட்டத்தில், கேட்கவில்லை.

“அன்னிக்குச் சங்கு என் காதுல விழல தம்பி” என்றார்.

“தினம் லேட்டுன்னு எழுதிக்கீறீங்க. அன்னிக்கு ஒரு வரி சேத்தா இன்னாக்கா கொறைஞ்சிடும்?”

“சேத்தா மீதி நாலு வருசமும் பொய்யாப்பூடும்.”

நான் கெஞ்சினேன். அழுதேன். கடைசியில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். லண்டன்காரனுக்கு இடி இடித்ததைக் கூட எழுதி அனுப்புகிறவளுக்கு, பக்கத்து அறையில் இருக்கிறவனுக்காக ஒரு சொல் எழுத மனசு வரவில்லையே என்றேன். ஒருமையில்தான் பேசினேன், இன்றைக்கும் அது எனக்கு வெட்கம். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. விசாரணை என்னைக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டார். வியாழக்கிழமை, மூன்று மணிக்கு என்றேன். முகம் ஒரு கணம் மாறியது. வியாழக்கிழமை அந்த நாடகத்தின் கடைசிப் பகுதி என்று எனக்கும் தெரியும். சாட்சிப் பட்டியலில் என் பேரைச் சேர்த்துக்கோ என்றார்.

விசாரணை கம்பெனிக்குள்ளேயே நடந்தது. விசாரிக்க வந்தவர் வெளியூர் வக்கீல், வயசானவர், எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதுவார். ஒரு பக்கம் மேனேஜர், ஒரு பக்கம் நான். அக்காவை உள்ளே கூப்பிடும்போது நாலே கால். ஒயர் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதிலிருந்து நாலு நோட்டு, கார்பன் நகல்கள், பிஸ்கட் டப்பா, கடைசியில் ரேடியோ. டிபன் கேரியர்னு நினைச்சேன் என்றார் வக்கீல்.

நோட்டை அவர் பொறுமையாகப் புரட்டினார். கேட்டுக்கொண்டே வந்து அந்தப் புதன்கிழமையில் நின்றார்.

“எல்லா நாளும் எழுதியிருக்கீங்க. விபத்து நடந்த அன்னைக்கு மட்டும் ஏம்மா காலி?”

“பீப் கேட்டேன் சார். நியூஸ் ஆரம்பிச்சுது. எதிர்ல கத்துற சத்தம் கேட்டுது. ரேடியோவை அப்படியே வெச்சிட்டு ஓடிட்டேன். இந்தத் தம்பியத் தூக்கினு வந்தாங்க. என் புடவையக் கிழிச்சுக் கையச் சுத்துனேன். அப்ப சங்கு ஊதுச்சா ஊதலியான்னு எனக்குத் தெரியாது. ரத்தத்தத்தான் பாத்துகினு இருந்தேன்.”

ஆஸ்பத்திரியில் என் கையிலிருந்து அவிழ்த்த துணி நீலப் பூப்போட்டது என்று அம்மா சொல்லியிருந்தாள். யாருடையது என்று நானும் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் ஒருமையில் திட்டியபோது கூட இதைச் சொல்லவில்லையே மகராசி. எனக்குத் தலை நிமிரவில்லை.

மேனேஜருக்கு முகம் மலர்ந்துவிட்டது. சங்கு பத்தித் தெரியாதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க, எழுதிக்குங்க சார் என்றார். மற்ற நாட்களின் கணக்கெல்லாம் ஏதோ பழைய ரேடியோவை வைத்து எழுதியது, அதை எப்படி நம்புவது என்றும் கேட்டார்.

“உங்க வாட்ச் சரியா ஓடுமா சார்?” என்று அக்கா அவரைக் கேட்டார்.

நிமிஷம் தப்பாது என்றார் மேனேஜர். அதை எழுதிக்குங்க சார் என்று அக்கா வக்கீலிடம் சொன்னார். அப்புறம், இன்னும் கொஞ்ச நேரத்தில் நாலரை ஆகப்போகிறது, அதுவரைக்கும் யாரும் அறையை விட்டு வெளியே போகாமல் உட்கார்ந்திருந்தால் போதும் என்றார். மேனேஜருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஒரு போன் பண்ண வேண்டும் என்று எழுந்தார். வக்கீல் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்து, அப்புறம் பண்ணிக்கலாம், உட்காருங்க என்றார்.

அக்கா ரேடியோவை மேஜை மேல் வைத்தார். இரைச்சல்தான் வந்தது. தகரக் கூரைக்குள் சிக்னல் எப்படி வரும்? செம்புக் கம்பியின் ஒரு முனையை என்னிடம் நீட்டி, ஜன்னலுக்கு வெளியே பிடி என்றார். கட்டுப் போட்ட கையோடு எழுந்து, நல்ல கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாய் ஊளை வந்தது. இன்னும் மேலே என்றார். எக்கினேன்.

பீப். பீப். பீப். பீப். பீப். ஆறாவது நீட்டமாக வந்தது.

வக்கீல் மேனேஜரின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நாலு முப்பது. நிமிஷம் தப்பவில்லை.

சங்கு ஊதவில்லை.

ரேடியோவில் ஒரு ஆள் நிதானமாகச் செய்தி படித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ்கள் டம் டம்மென்று அடித்துக்கொண்டிருந்தன. நாலு முப்பத்தொன்று. எனக்குத் தோள் கடுத்தது, கையை இறக்கவில்லை. நாலு முப்பத்திரண்டு ஆனபோது வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எதிர்ச் சுவரில் காது வைப்பவர் போலத் தலையைச் சாய்த்து அந்தப் பிரஸ் சத்தத்தைக் கேட்டார். அதே நிமிஷம்தான் என் விரல்கள் போன நிமிஷம். முப்பத்து மூன்று. மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். முப்பத்து நாலுக்குச் சங்கு ஊதியது. பிரஸ்கள் ஒவ்வொன்றாக நின்றன.

அக்கா முதலில் தன் நோட்டைத்தான் இழுத்து எழுதினார். அப்புறம்தான் வக்கீலிடம் நகர்த்தினார்.

விபத்து நடந்தது வேலை நேரத்தில் என்று தீர்ப்பு எழுதினார் அந்த மனுஷர். விளையாடி என்ற சொல் போனது. கட்டு அவிழ்த்த பிறகு என்னை இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் உட்கார வைத்தார்கள், அளவு சரியா தப்பா என்று பார்க்கிற வேலை. ரிட்டையர் ஆகும் வரை அங்கேதான் இருந்தேன். அளக்காத அளவை எழுதச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். அதெல்லாம் வேறு கதை.

விசாரணை முடிந்து கேட்டைத் தாண்டும்போது மன்னிச்சிடுக்கா என்றேன். கம்பியை நல்லாப் பிடிச்சே என்றார், அவ்வளவுதான். நாடகத்தின் கடைசிப் பகுதியை அவர் கேட்கவில்லை. மறு ஒலிபரப்பு விடியற்காலையில் வந்தது. அன்றைக்கு என்று பார்த்து மழை கொட்டியது. நான்காவது கட்டத்தில், இடி, மிக அதிகம். டாக்டருக்குக் கடிதம் எழுதியது யார் என்று நாங்கள் துளைத்து எடுத்தோம். தெரியாது, கேக்கல என்றார். நீங்களே ஒரு ஆளைச் சொல்லிடுங்கக்கா, எங்களுக்கு நிம்மதியாப் போயிடும் என்று நான் சொன்னதற்குச் சிரித்தார். இன்று வரை எனக்குத் தெரியாது.

விசாரணைக்கு மறுநாளே டைம் ஆபீஸுக்குப் புதுக் கடிகாரம் வந்துவிட்டது. சங்கு சரியாக நாலரைக்கு ஊதியது. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் நாலு முப்பத்தைந்து பஸ்ஸை நிதானமாக நடந்து வந்து பிடித்தார்கள். இடம் பிடித்து உட்கார்ந்து, ஜன்னல் வழியாக இன்ஸ்டிட்யூட்டைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டு போனார்கள்.

எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. சாயங்காலம் இன்ஸ்டிட்யூட்டில் நின்றிருந்தேன். அக்கா கை தட்டினார், ஆறு மெஷினும் நின்றன, கம்பியைச் சுற்றினார், ரேடியோ கரகரத்தது. முதல் பீப்புக்கு ஒரு நொடி முன்னால் எதிரே சங்கு ஊத ஆரம்பித்தது. அது ஊதி அடங்கியபோது செய்தி படிக்கிறவர் பாதி வரியில் இருந்தார். ஆறு பீப்பில் ஒன்று கூடக் கேட்கவில்லை. அக்கா கடிகாரத்தைப் பார்த்தார், பழக்கத்தில் தலையாட்டப் போய் நிறுத்திக்கொண்டார்.

அந்த மாதக் கடைசியில் லண்டனுக்கு டைப் அடித்த கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் எனக்குத் தமிழில் படித்துச் சொன்னார். ஐந்து கட்டமும் வழக்கம் போல இருந்தன. கீழே இரண்டு வரி மட்டும் புதிது. உங்கள் மணியொலி இனி இந்த ஊரில் கேட்காது, குறை உங்களுடையது அல்ல. எங்கள் சங்கு இப்போது சரியான நேரத்துக்கு ஊதுகிறது.

உறையை ஒட்டி என்னிடம் கொடுத்தார். மூன்று விரல் இருக்கிற கையால்தான் வாங்கினேன். தண்டலம் போய், பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.